பேசி முடித்த எடை

பகலெல்லாம் எனக்கு லாரிகள்.
லரேடோ பாலத்தருகே, மெக்சிகோவின் தக்காளியும்
கார் கதவுகளும் கண்ணாடித் தாள்களும்
என் இரும்புத் தட்டில் ஏறி நிற்கும்.
எண்பதாயிரம் ராத்தல். தாண்டினால்
திரும்பிப் போ.
டிரைவர் கெஞ்சுவான், சிகரெட் நீட்டுவான்,
மகளுக்குக் காய்ச்சல் என்பான்.
பாலத்துக்குக் காது கிடையாது என்பேன்.

வருடத்தில் நான்கைந்து நாள்
குத்துச்சண்டை ஆணையத்துக்கு ஆள் நிறுப்பேன்.
அதே கண், அதே கண்ணாடி.
சட்டைக்கு மட்டும் இஸ்திரி.

அயிக்வேய் சோவா அக்ராக்காரன்.
வெல்டர்வெயிட் பெல்ட்டை நான்கு முறை காப்பாற்றியவன்.
வெல்டர்வெயிட் என்றால் நூற்று நாற்பத்தேழு.
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்திலோ
நூற்று நாற்பத்து நான்கு.
மெர்க்கர் கீழ்ப்பிரிவுக்காரன். ஆனால்
டிக்கெட் விற்பது அவன் முகம்.
அவன் ஏறி வர மாட்டானாம்,
இவன் இறங்கி வர வேண்டுமாம்.
பெல்ட் மட்டும் எங்கும் இறங்காமல்
மேசைமேல் பளபளத்துக்கொண்டிருந்தது.

கல்யாணம் மாதிரிதான் பேசி முடித்தார்கள்.
இவ்வளவு பணம், இந்த ஊர், இந்தக் கையுறை,
இவ்வளவு ராத்தல்.
பெண்ணைக் கேட்டீர்களா என்றால்
கேட்டோம், தலையாட்டினாள் என்பார்கள்.
கையெழுத்து அயிக்வேயுடையதுதான். நான் பார்த்தேன்.

முதல் முறை ஏறினான். அரை ராத்தல் அதிகம்.
துண்டைப் பிடித்து மறைத்தார்கள், உள்ளாடையும் போயிற்று.
தராசுத் தண்டு அசையவில்லை.
இரண்டு மணி நேரம் கொடுத்தேன், சட்டப்படி.
ஹோட்டல் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் அங்கியோடு
கயிறு குதித்தான்.
காகிதக் கோப்பையில் துப்பினான். துப்ப வராதபோது
எலுமிச்சையை முகர வைத்தார்கள்.
தலையை மழித்தார்கள்.
மயிரில் என்ன கனம் இருக்கும், தெரியவில்லை,
ஆனாலும் மழித்தார்கள்.

மறுபடி ஏறினான். தண்டு நடுங்கி, நின்றது.
எண்ணை உரக்கச் சொன்னேன். கைதட்டினார்கள்.
மூன்று ராத்தல்தானே என்று
பக்கத்திலிருந்த டாக்டரிடம் சொன்னேன்.
அவர் பேனாவை மூடியபடி சொன்னார்:
மனுஷ மூளை அவ்வளவுதான் இருக்கும்.

ஆறு ரவுண்டு அவன்தான் முன்னால்.
ஏழில் கால்கள் வேறு யாருடையவோ ஆகிவிட்டன.
ஒன்பதில் துண்டு விழுந்தது,
மறைப்பதற்கல்ல.

ஒடிலியா, என் மனைவி, வழக்காடுவாள்:
அந்த நாற்பத்தேழு மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா?
அதையும் யாரோ நாலு பேர் சுருட்டு புகைத்தபடி
முடிவு செய்ததுதானே. உன் எண்பதாயிரமும்.
சரிதான் ஒடிலியா.
ஆனால் அந்தக் கோட்டைக் கிழித்தவனுக்கு
யார் வந்து நிற்கப்போகிறான் என்று தெரியாது.
கோட்டுக்கு இருக்கும் ஒரே நியாயம் அது.
இந்த நாற்பத்து நான்கோ
ஒருவன் உடம்பை அளந்து தைத்த சட்டை,
இன்னொருவனுக்கு மாட்டியது.

பெல்ட் இல்லாமல்
இரண்டு பேர் எந்த எடையிலும் அடித்துக்கொள்ளட்டும்,
அது அவர்கள் பாடு. பெல்ட் என்றால்
அறையில் இல்லாதவர்களுக்கும் பங்கு உண்டு.
ஒசாகாவில் ஷிகேமோரி என்றொருவன்,
பதினாறு மாதமாக முதல் வரிசையில்,
சரியாக நூற்று நாற்பத்தேழில்
காத்திருக்கிறானாம். அவனை யாரும்
பேச்சுக்கு அழைக்கவில்லை.

இப்படியெல்லாம் சொல்கிறேன்.
எண்ணை உரக்கச் சொன்னவன் நான்.
என் கூலியை எண்ணி வாங்கினேன்.

ஞாயிறு காலை. தராசை வண்டியில் ஏற்ற
ஹோட்டல் பின்வாசலில் உருட்டி நிறுத்தியிருந்தேன்.
அயிக்வேய் வந்தான். இடது கண் முழுக்க மூடி,
கையில் தட்டு நிறைய தர்பூசணி.
ஒரு துண்டை எனக்கு நீட்டினான்.
பிறகு செருப்போடு, தட்டோடு
மேலே ஏறி நின்று
தின்றான், நிதானமாக, விதைகளைத் துப்பாமல்.

தண்டு மேலே போய் இடித்துக்கொண்டு நின்றது.
குண்டை நகர்த்த என் கை தானாகப் போயிற்று,
பாதியில் நின்றது.
அவன் கேட்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.